மலைகள் சரியும் வேளையில் ஆறுதல் எங்கே?



2025ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிய நாள். எதிர்நோக்கின் அடையாளமாக அதனை ஏற்றுவது நம் வழக்கம். அந்த ஆண்டு முழுவதையுமே 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்னும் கருப்பொருளில் யூபிலி ஆண்டாக நாம் கொண்டாடி வந்தோம். ஆயினும் அந்த ஞாயிறன்று பதுளை மாவட்டத்தின் பெருந்தோட்டங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு ஆலயம் செல்லப் பாதை இருக்கவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. 'டித்வா' புயல் நம் தீவைத் தாக்கி இரண்டு நாட்களே ஆகியிருந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினரைக் கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலை மாவட்டங்களே இழந்தன. வெள்ளத்தை விடவும் மண்சரிவே அங்கு கொடியதாயிற்று.

அத்தகைய நாட்களில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் மொழிகள் பல. "கடவுள் பார்த்துக்கொள்வார்", "எல்லாம் இறைவன் சித்தம்", "நம் பாவங்களுக்கு வந்த சோதனை" என்று நாவில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். சொல்பவரின் மனம் நல்லதே. ஆயினும் மண்ணுக்குள் தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் செவியில் இச்சொற்கள் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நமது விசுவாசம் தரும் ஆறுதல் உண்மையில் எத்தகையது? இக்கேள்வியை ஊவா மலைகளின் பின்னணியில் வைத்து இவ்வாரம் சிந்திப்போம்.

மலைகள் தாழும் என்னும் இறைவாக்கு

ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமை, எசாயா இறைவாக்கினர் நூலின் 40ஆம் அதிகாரம் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. தம் மக்களுக்கு ஆறுதல் கூறும்படி இறைவன் விடுக்கும் அழைப்புடன் அது தொடங்குகிறது. ஆண்டவரின் வருகைக்காக மலைகளும் குன்றுகளும் தாழ்த்தப்பட்டுப் பாதை சமமாக்கப்படும் என்று அது தொடர்கிறது. புயலுக்குப் பின் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை டிசம்பர் 9ஆம் திகதி ஆகும். ஏறக்குறைய பத்து நாட்களுக்கு முன் தங்கள் கண்முன்னே ஒரு மலை தாழ்ந்து இறங்கி வந்ததைக் கண்ட மக்கள், அதே வார்த்தைகளைச் செவிமடுக்க வேண்டியதாயிற்று. இறைவார்த்தை சில வேளைகளில் நம் காயத்தின் மீதே வந்து விழுகிறது.

அந்த இறைவாக்கு யாருக்கு உரைக்கப்பட்டது என்பதை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியருக்குத் தம் நாட்டையும் ஆலயத்தையும் இழந்து, அந்நிய மண்ணில் தலைமுறைகளாய் வாழ்ந்த மக்களுக்கே அது உரைக்கப்பட்டது. "பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிப்போகும்" என்று இறைவன் அவர்களிடம் கூறவில்லை. வீடு திரும்பும் பாதை திறக்கப்படும் என்றே கூறினார். பாதைக்குத் தடையாய் நிற்கும் மலைகளே அங்கு தாழ்த்தப்படுகின்றன. எளியோரின் கூரை மீது அவை விழுவதில்லை. ஆகவே திருநூலில் ஆறுதல் என்பது தொடக்கத்திலிருந்தே வீட்டோடும் நிலத்தோடும் விடுதலையோடும் சேர்ந்தே வருகிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முந்திய ஒரு நிகழ்வுக்குத் திரும்புவோம்.

மீரியபெத்தை கற்பித்த பாடம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அருகில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், பல நாள் மழையில் ஊறியிருந்த மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின் மீது இறங்கியது. காலை ஏழரை மணி அளவில் அது நிகழ்ந்தது. பிள்ளைகளிற் சிலர் ஏற்கெனவே பாடசாலைக்குப் புறப்பட்டிருந்தனர். அவர்கள் திரும்பி வந்தபோது லயமும் இல்லை, பெற்றோரும் இல்லை. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக அஞ்சப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் இறந்தோருள் பலரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. நான்கு நாட்களில், நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள் வந்தது. மற்றவர்கள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிய அந்நாளில், மீரியபெத்தையின் உறவுகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறை கூட இருக்கவில்லை. மலை முழுவதுமே அவர்களுக்குக் கல்லறையாகிவிட்டது.

உயிர் தப்பியவர்கள் மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டனர். ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடத்தில் குடும்பங்கள் தடுப்புகள் கட்டி வாழ்ந்தன. சில வாரங்கள் என்று எண்ணிச் சென்றவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 2016ஆம் ஆண்டில் பூனாகலைப் பகுதியில் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன.

இங்கு நம் மனச்சான்றைக் குத்தும் ஓர் உண்மை உண்டு. அந்த நிலம் ஆபத்தானது என்றும், அங்குள்ள மக்கள் அகற்றப்படல் வேண்டும் என்றும் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாக அனர்த்தத்தின் பின்னர் அதிகாரிகளே தெரிவித்தனர். எச்சரிக்கை இருந்தது. போவதற்கு இடம் இருக்கவில்லை. சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாத தொழிலாளி, நாட்கூலியை இழந்து, பிள்ளைகளின் பாடசாலையை விட்டு, எங்கு சென்று குடியேறுவார்?

வாசகர்களே, இத்தகைய ஒரு மரணத்தை "இறைவன் சித்தம்" என்று கூறுவோமாயின், நாம் யாரைக் குற்றம் சாட்டுகிறோம்? மனிதர் செய்யத் தவறியதை ஆண்டவரின் தலையில் சுமத்துகிறோம் அன்றோ? மழையை அனுப்பியது இயற்கை எனலாம். அம்மழைக்குக் கீழே, சரியும் மண்ணின் மீது, ஏழைகளைக் குடியிருத்தியது இயற்கை அன்று. தேயிலை மலைகளில் மழைநீர் வடிந்தோடக் கான்கள் வெட்டப்படுகின்றன. அவை தூர்ந்துபோக விடப்படும்போது நீர் மண்ணுக்குள் இறங்கி, மலையின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு கானைத் தூர்வாராமல் விட்டவன் மனிதன். அதன் விளைவை இறைத்திட்டம் எனப் பெயரிடுவது பக்தி ஆகாது.

சீலோவாமின் கோபுரம்

நம் ஆண்டவர் இயேசுவின் காலத்திலும் இத்தகைய ஒரு துயரம் நிகழ்ந்தது. எருசலேமில் சீலோவாம் என்னும் இடத்தில் இருந்த கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டனர். இதனை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் நாம் காண்கிறோம். மாண்டவர்கள் ஏனையோரை விடப் பெரும் பாவிகள் என்று அக்கால மக்கள் எண்ணினர். நம்மவர் இன்றும் அவ்வாறே எண்ணுவதுண்டு. இயேசு அந்த எண்ணத்தை ஒரே சொல்லில் மறுத்தார். இறந்தோரின் பாவத்தை ஆராயாமல், உயிரோடிருப்போரின் மனமாற்றத்தையே அவர் கேட்டார். அழிவுக்குப் பின் மனமாற வேண்டியவர்கள் அழிந்தவர்கள் அல்லர், எஞ்சியிருக்கும் நாம்.

யோபுவின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த அவரைத் தேற்ற மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் அவருடன் தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே எனலாம். எட்டாம் நாள் பேசத் தொடங்கினர், காரணங்களை அடுக்கினர், யோபுவின் மறைவான பாவங்களைத் தேடினர். நூலின் முடிவில் இறைவன் சினங்கொள்வது, தம்மோடு வழக்காடிய யோபுவின் மீது அன்று. தமக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்ட அந்த நண்பர்களின் மீதே. துயருறுவோரிடம் இறைவனுக்காகப் பரிந்து பேச விரையும் நம் அனைவருக்கும் இது ஒரு கடும் எச்சரிக்கை.

ஆறுதல் பெற மறுத்த தாய்

அன்பர்களே, திருநூலில் ஆறுதல் பெற மறுத்த ஒரு தாயும் இருக்கிறாள். தன் பிள்ளைகள் இல்லாமற் போனதால் தேற்றுவாரின் சொல்லை ஏற்காத இராகேலைப் பற்றி எரேமியா இறைவாக்கினர் எழுதினார். ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றபோது, மத்தேயு நற்செய்தியாளர் அந்தத் தாயின் அழுகையை மீண்டும் நினைவுகூர்ந்தார். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 28ஆம் திகதி, மாசில்லாக் குழந்தைகளின் விழாவைத் திருச்சபை நினைவில் கொள்கிறது. கிறிஸ்து பிறப்பின் குடில் இன்னும் கலைக்கப்படாத நாட்களில், பிறப்பின் மகிழ்ச்சிக்கு அருகிலேயே இந்த அழுகைக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இராகேலைப் பார்த்து "விசுவாசம் போதாது" என்று திருநூல் கூறவில்லை. அவள் அழுகையை அது காத்து வைத்திருக்கிறது.

திருப்பாடல்களிலும் இதனைக் காணலாம். 88ஆம் திருப்பாடல் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஏனைய புலம்பற் பாடல்களைப் போல் இறுதியில் நன்றியறிதலாக அது மாறுவதில்லை. அப்பாடலைத் திருச்சபை தன் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் செபிக்கிறது. வாரந்தோறும் உலகெங்கும் குருக்களும் துறவியரும் இருளில் நிற்பவரின் குரலைத் தம் குரலாக்கிக்கொள்கின்றனர். பெத்தானியாவில் இலாசர் இறந்தபோதும், ஆண்டவர் முன்னமே வந்திருந்தால் தன் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தா முறையிட்டாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சற்றுப் பின்னர் அவரும் கண்ணீர் விட்டார்.

ஆகவே துயரில் இருக்கும் வாசகரே, உமக்கு ஒரு சொல். செபமாலையைக் கையில் எடுத்தும் உம்மால் செபிக்க முடியாத இரவுகள் இருக்கலாம். "ஏன் ஆண்டவரே?" என்பதைத் தவிர வேறொன்றும் நாவில் வராதிருக்கலாம். அது விசுவாசத்தின் தோல்வி என எண்ண வேண்டாம். முறையிடுவதும் செபமே. இறைவனிடம் முறையிடுபவர், இறைவன் கேட்கிறார் என்பதை இன்னும் நம்புகிறவர்.

துணையாளர் என்னும் பெயர்

அப்படியாயின் ஆறுதல் எவ்வாறு வருகிறது? எலியா இறைவாக்கினரை நினைத்துப் பார்ப்போம். உயிருக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனை வேண்டினார் அவர். இறைவன் அவருக்கு முதலில் அனுப்பியது ஓர் அறிவுரையை அன்று. சுட்ட அப்பமும் தண்ணீரும் உறக்கமும் முதலில் வந்தன. உண்டபின் மீண்டும் உறங்க விட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார் வானதூதர். மெல்லிய ஒலியில் இறைவன் பேசியது அதற்கும் நாற்பது நாட்களுக்குப் பின்னரே. பசித்த வயிற்றுக்கும் நனைந்த உடலுக்கும் தேவையானதை முதலில் தந்து, பேச வேண்டியதைப் பின்னர் பேசுவது இறைவனின் முறை.

இயேசு தம் பாடுகளுக்கு முந்திய இரவில் தூய ஆவியாரைச் சீடர்களுக்கு வாக்களித்தார். அங்கு யோவான் நற்செய்தியாளர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், அருகில் வருமாறு அழைக்கப்பட்டவர் என்னும் பொருளுடையது. வழக்குமன்றத்தில் ஒருவருக்குத் துணையாக உடன் நிற்பவரையும் அச்சொல் குறிக்கும். தமிழில் சிலர் அதனைத் தேற்றரவாளர் என மொழிபெயர்த்தனர். நம் பொது மொழிபெயர்ப்பு துணையாளர் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே முழுப்பொருள் விளங்குகிறது. அருகில் நிற்பவரே தேற்றுகிறார். தொலைவில் நின்று தேற்றுதல் இயலாது.

இதனை நம் லயத்து மக்கள் நூல்களைப் படித்து அறிந்தவர்கள் அல்லர், வாழ்ந்தே அறிந்தவர்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அடுத்த காம்பராவில் அடுப்பு எரிந்து, தேநீர் இங்கு வந்து சேரும். பந்தல் போட யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. மலையக மக்களில் பெரும்பான்மையினர் இந்து சமயத்தவர். கத்தோலிக்கர் அவர்களிடையே சிறு மந்தையாக வாழ்கின்றனர். ஆயினும் மாதா ஆலயத்துத் திருநாளுக்கு அவர்கள் வருவதும், மாரியம்மன் கோயில் திருவிழாவில் நம்மவர் உதவுவதும் தோட்டங்களில் புதுமையன்று. மண்ணும் சமயம் பார்த்துச் சரிவதில்லை. அடிபட்டுக் கிடந்தவனின் சமயத்தைக் கேளாமல் அவனருகே இறங்கிய நல்ல சமாரியரே நமக்கு அளவுகோல்.

நம் மறைமாவட்டத்தின் தொடக்க வரலாறும் அருகில் வருதலின் வரலாறே. 1972ஆம் ஆண்டில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை, மொனராகலை மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானது. அப்போது கண்டியின் ஆயராக இருந்தவர் பேரருட்தந்தை லியோ நாணயக்கார ஆண்டகை. புகழும் வசதியும் கொண்ட கண்டியை விட்டு, வறிய புதிய மறைமாவட்டத்தின் ஆயராக அவர் தாமே முன்வந்து பதுளைக்குச் சென்றார். 1982இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். அதே மறைமாவட்டத்தின் எல்லைக்குள், புத்தளையில், வறிய சிங்கள பௌத்த கிராமத்தவரிடையே ஒரு சிறு இல்லத்தில் வாழ்ந்தவர் அமல மரித் தியாகிகள் சபையின் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. அச்சுறுத்தல் சூழ்ந்த நாட்களிலும் அம்மக்களை விட்டு அவர் அகலவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் இறங்கிச் சென்றார். மற்றவர் அகல மறுத்தார். துணையாளரின் பணி இவ்விரண்டுமே.

வீடும் ஆறுதலின் ஒரு பகுதியே

இனி, நம் காலத்தின் கேள்விக்கு வருவோம். 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் நிகழ்ந்த ஒரு விழாவில், இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000க்கும் மேற்பட்ட தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஏழு வாரங்கள் கூட நிறைவதற்குள் புயல் வந்தது. நன்றி சொல்ல வேண்டிய ஒரு தொடக்கமும், அத்தொடக்கம் எத்துணை காலந்தாழ்ந்தது என்பதைக் காட்டிய ஓர் அழிவும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன.

இந்தத் தாமதத்தின் வயதை நாம் மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் முன்னோர், முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஊவாவின் காடுகளை வெட்டி மலைகளைத் திருத்தினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளிடையே மக்களைப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. வாக்குரிமை திரும்பியது, காலடியில் இருந்த மண் மட்டும் தோட்டத்துக்குரியதாகவே பெரும்பாலோருக்கு இருந்து வந்துள்ளது. புயலின் பின்னர், முற்றாக அழிந்த வீடுகளுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்குவதாகவும், காணியற்றோருக்குக் காணியோ அதனை வாங்க நிதியோ அளிப்பதாகவும் அரசாங்கம் அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு அது. ஆயினும் லயத்தில் வாழ்ந்தவருக்கு "உமது வீடு" எது, "உமது காணி" எது என்னும் கேள்வியை, ஒரு விண்ணப்பப் படிவத்தின் வெற்றுக்கோடுகூட எழுப்பிவிடுகிறது.

புதிய விண்ணகத்தையும் புதிய மண்ணகத்தையும் பற்றி எசாயா நூலின் 65ஆம் அதிகாரம் பேசும்போது, அது வானத்து மேகங்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மக்கள் தாம் கட்டும் வீடுகளில் தாமே குடியிருப்பர் என்கிறது. நட்டவரே கனியை உண்பர் என்கிறது. ஒருவர் கட்ட மற்றொருவர் வாழும் நிலை ஒழியும் என்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருக்காக நட்டுப் பிறருக்காகப் பறித்த ஒரு மக்களினத்துக்கு இதனைவிட நெருக்கமான இறைவாக்கு வேறு உண்டோ? ஆகவே பாதுகாப்பான நிலத்தில் உறுதிப்பத்திரத்துடன் ஒரு வீடு என்னும் கோரிக்கை அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியதன்று. இறைவன் தரும் ஆறுதல் எதனை உள்ளடக்கும் என்பதை அறிந்த விசுவாசிகளின் கோரிக்கையும் அதுவே.

நாம் செய்யக்கூடியவை

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் திருத்தூதர் பவுல் ஓர் ஒழுங்கை நமக்குக் காட்டுகிறார். நமது இன்னலில் இறைவன் நமக்களிக்கும் ஆறுதல், இன்னலுறும் பிறரைத் தேற்றுவதற்காகவே நம்மிடம் ஒப்படைக்கப்படுகிறது. நம்மிடமே தங்கிவிடும் ஆறுதல் தன் பயணத்தை முடிக்கவில்லை. எனவே நம் குடும்பங்கள் மேற்கொள்ளக்கூடிய சிலவற்றை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

துயருற்ற வீட்டுக்குச் செல்லும்போது விளக்கங்களை வாசலிலேயே விட்டுச் செல்வோம். அமர்ந்திருப்போம், அவர்கள் பேசினால் கேட்போம், இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதிருப்போம். எட்டாம் நாளும் முப்பதாம் நாளும் கூட்டம் வரும். நான்காம் மாதம் யாரும் வாரார். அப்போது செல்வோம்.

உடல் கிடைக்காதவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். நவம்பர் மாதத்தில் ஆலய முற்றத்தில் அவர்களுக்கென ஒரு மெழுகுவர்த்தி எரியட்டும். காணாமற் போனவரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் பெறுவதும் இழப்பீட்டு விண்ணப்பம் நிரப்புவதும் பெரும் சுமை. எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளையோர் ஒரு நாளை ஒதுக்கி, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அவர்களுடன் செல்வது, ஒன்பது நாள் செபத்துக்குக் குறைந்த பணியன்று.

மழைக்காலத்தில் விழித்திருப்பதும் கிறிஸ்தவக் கடமையே. திருவருகைக் கால நற்செய்திகள் விழித்திருக்கக் கற்பிக்கின்றன அன்றோ? நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று திடீரெனப் பெருகுதல் அல்லது வற்றுதல், ஓடும் நீர் சேறாக மாறுதல் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியாகின்றன. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும் என்பதே பொருள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. இவற்றைத் திருப்பலியின் இறுதியில் அறிவிப்பதும், இரவு வேளையில் ஆபத்தை உணர்த்த ஆலய மணியை ஒலிப்பதும், ஆலயத்தின் கதவையும் மறைக்கல்வி மண்டபத்தையும் முன்கூட்டியே திறந்து வைப்பதும் நம் பங்குகளால் இயலும். ஆயினும் எச்சரிக்கை கேட்டவர் செல்வதற்கு ஓர் இடம் இருத்தல் வேண்டும். மீரியபெத்தையில் இல்லாதிருந்தது அந்த இடமே. அவ்விடத்தை ஆள்வோரிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் இடைவிடாது கேட்பது, நீதிக்காக நடுவரை நாடி நாடிச் சென்ற கைம்பெண்ணின் வழியில் நாம் செய்யும் செபமாகட்டும்.

மலைகளும் மாறாத அன்பும்

பதுளையில் வாழும் ஒருவர் கண்களை உயர்த்தினால் நமுனுகுலை மலை தெரியும். 121ஆம் திருப்பாடலின் ஆசிரியரும் மலைகளை நோக்கியே கண்களை உயர்த்தினார். தமக்கு உதவி எங்கிருந்து வரும் என வினவினார். மலைகளிடமிருந்து என்று அவர் விடை கூறவில்லை. அவற்றைப் படைத்தவரிடமிருந்து என்றார். மலைகள் உறுதியின் அடையாளம் என நாம் நம்பியிருந்தோம். அவையும் கரையும் என்று இப்போது கண்டோம். இதனை எசாயா முன்னமே அறிந்திருந்தார். மலைகள் பெயர்ந்தாலும் தம் அன்பு பெயராது என இறைவன் உரைத்ததை அவர் தம் நூலின் 54ஆம் அதிகாரத்தில் நமக்குத் தந்துள்ளார். மலைகள் பெயரா என்று இறைவன் வாக்களிக்கவில்லை. அவை பெயரும் நாளிலும் தாம் நம்மை விட்டு அகலமாட்டார் என்றே வாக்களித்தார்.

அந்த வாக்குறுதியைத் துயருற்றோர் எவ்வாறு நம்புவர்? நாம் அகலாதிருப்பதைக் கண்டே நம்புவர். மண்சரிவுக்குப் பின் வரும் இரண்டாம் நாளில் நீட்டப்படும் ஒரு தட்டுச் சோற்றிலும், நான்காம் மாதத்தில் தட்டப்படும் கதவிலும், மூன்றாம் ஆண்டில் கிடைக்கும் உறுதிப்பத்திரத்திலும் அந்த அன்பின் முகம் அவர்களுக்குத் தெரியட்டும்.

இரக்கமுள்ள தந்தையே, ஊவா மலைகளில் மண்ணுக்குள் உறங்கும் எம் உறவுகள் அனைவரையும் நீர் பெயர் சொல்லி அறிவீர். அவர்களுக்கு நிலையான இளைப்பாற்றியைத் தந்தருளும். அழும் தாய்மாரின் அருகில் அமர்ந்தருளும். நாங்கள் பேச வேண்டிய இடத்தில் எங்களுக்குத் துணிவையும், மௌனமாய் இருக்க வேண்டிய இடத்தில் பொறுமையையும் தாரும். சிலுவையின் அருகில் அகலாது நின்ற வியாகுல அன்னையே, எம் மலையக மக்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.